மஞ்சள் பெட்டிக்கு வெளியே நின்றவர்கள்: வாசகர் கேள்வி – பதில்

ஹாங்காங்கின் ஜனநாயகக் கட்சி, முப்பது ஆண்டுகள் இயங்கிய பிறகு 2025ஆம் ஆண்டில் தன்னைத் தானே கலைத்துக்கொள்ளும் ஏற்பாட்டில் இறங்கியது ஏன் என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு நான்கே வரிகளில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரி போதாது என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து அடுத்தடுத்துக் கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாமே ஒரே பொருளைச் சுற்றியவை: வாக்குரிமையோ போட்டியிடும் உரிமையோ சுருக்கப்பட்ட ஒரு தேர்தல் முறைக்குள் கட்சிகள் எப்படி வாழ்கின்றன, வாழ வேண்டுமா என்பதே அந்தப் பொருள். ஆகவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்குகிறேன்.

தேர்தல் நடக்கிறது, கட்சிகளும் இருக்கின்றன. ஆனாலும் அதைக் கட்டுப்படுத்தப்பட்ட தேர்தல் முறை என்கிறீர்கள். எதை வைத்து அப்படிச் சொல்வது, ஐயா?
– கல்லூரி மாணவி, தருமபுரி

ஒரு தேர்தலைக் குறுக்குவதற்கு வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய தேவையில்லை. வாக்குப்பதிவுக்கு நெடுநாள் முன்பே, யார் பெயர் பட்டியலில் ஏறும், யாருடைய வேட்புமனு ஏற்கப்படும், எத்தனை இடங்கள் மக்களின் வாக்குக்கு விடப்படும் என்ற மூன்றையும் ஆள்வோர் தம் கையில் வைத்துக்கொண்டால், வாக்குப்பதிவு நாளில் ஒரு தவறும் நடக்காமலேயே முடிவு அவர்களுக்கு உகந்ததாக வந்துவிடும்.

ஹாங்காங்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே சட்டமன்றத்துக்கு முதன்முதலாக மக்கள் நேரடியாக வாக்களித்தது 1991ஆம் ஆண்டில். அப்போது 60 இடங்களில் 18 மட்டுமே அவர்களுக்கு விடப்பட்டன. 2016ஆம் ஆண்டுக்குள் அது வளர்ந்து 70 இடங்களில் 35 தொகுதிவாரியாகத் தேர்ந்தெடுக்கப்படும் நிலைக்கு வந்தது. மற்றவற்றில் பெரும்பாலானவை வணிகர், வழக்கறிஞர், வங்கியாளர் போன்ற தொழில்வாரித் தொகுதிகள். 2019 நவம்பரில் மாவட்ட மன்றங்களுக்கு நடந்த தேர்தலில் 71 விழுக்காட்டுக்கு மேல் வாக்குகள் பதிவாகி, 18 மன்றங்களில் 17 ஜனநாயக அணியின் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் கயிறு இறுகியது. 2021ஆம் ஆண்டில் சட்டமன்றத்தின் இடங்களை 90 ஆக உயர்த்தி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதை 20 ஆகக் குறைத்து, வேட்பாளர்கள் ‘தேசப்பற்றுள்ளவர்களா’ என்று பார்த்துச் சலித்தெடுக்க ஒரு குழுவையும் அமைத்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினரே.

இதில் என் மனத்தை விட்டு அகலாதது 2023ஆம் ஆண்டின் மாவட்ட மன்றத் தேர்தல். மொத்தம் 470 இடங்களில் 88 மட்டுமே நேரடித் தேர்தலுக்கு விடப்பட்டன. அவற்றில் நிற்க விரும்பியவர், அரசே உறுப்பினர்களை நியமித்த மூன்று உள்ளூர்க் குழுக்களிலிருந்து முன்மொழிவுக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அந்த மூன்றில் ஒன்று தீத்தடுப்புக் குழு. ஒரு காலத்தில் சட்டமன்றத்தின் மிகப் பெரிய கட்சியாக இருந்த ஜனநாயகக் கட்சி, அந்தத் தேர்தலில் நிற்க மனமிருந்தும், தன் ஆட்களில் ஒருவருக்குக்கூடப் போதிய கையெழுத்துகளைப் பெற முடியாமல் திரும்பியது. கட்சியைத் தடை செய்ய ஓர் ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை. கையெழுத்துப் போடத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

குறுக்கும் வழிகள் வேறும் உண்டு. மியான்மரின் 2008ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடங்களை, வாக்குச்சீட்டே இல்லாமல், இராணுவத்துக்கு ஒதுக்கியது. ஈரானில் 12 பேர் கொண்ட காப்பாளர் மன்றம் வேட்பாளர்களை முன்கூட்டியே வடிகட்டுகிறது. வாக்காளர்கள் நினைத்தால் ஆள்பவரை மாற்ற முடியுமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால், எத்தனை கட்சிகளின் கொடி பறந்தாலும் அது குறுக்கப்பட்ட களமே.

விடுதலைக்கு முந்தைய நம் சென்னை மாகாணத் தேர்தல்களும் இப்படிப்பட்டவைதாமே? அவற்றில் பங்கேற்ற கட்சிகளை நாம் எப்படி மதிப்பிடுவது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கிருஷ்ணகிரி

ஆம், ஐயா, ஹாங்காங்கின் தொழில்வாரித் தொகுதிகளைக் கண்டு வியப்பவர்கள் நம் பாட்டனார் காலத்தை மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றும். 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1920 நவம்பரில் நடந்த முதல் தேர்தலில், நான்கு கோடி மக்கள் வாழ்ந்த சென்னை மாகாணத்தில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ பன்னிரண்டரை லட்சம் பேர். நிலவரியோ நகர வரியோ வருமான வரியோ செலுத்துபவர்களுக்கும் முன்னாள் படைவீரர் போன்ற சிலருக்குமே அந்த உரிமை இருந்தது. இன்றைய தருமபுரி மாவட்டம் 1965ஆம் ஆண்டுவரையிலும், கிருஷ்ணகிரி அதனோடு சேர்ந்தும், பழைய சேலம் மாவட்டத்துக்குள் அடங்கியிருந்தவை. மானாவாரி நிலமும் வறட்சியும் மிகுந்த இந்தப் பகுதியில், வாக்காளர் ஆகும் அளவுக்குக் கிஸ்தி கட்டியவர் ஓர் ஊருக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதைத் தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

அந்தத் தேர்தலைக் காங்கிரஸ் ஒத்துழையாமையின் பகுதியாகப் புறக்கணித்தது. நீதிக்கட்சி உள்ளே சென்றது. தேர்தலுக்கு விடப்பட்ட 98 இடங்களில் 63 இடங்களை வென்று அமைச்சரவை அமைத்தது. காவல், நிதி போன்ற முக்கியத் துறைகள் ஆளுநரின் பிடியிலேயே இருந்த இரட்டையாட்சிக்குள், தனக்குக் கிடைத்த சிறு துறைகளைக் கொண்டு அது செய்தவற்றைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் தீர்மானம் 1921ஆம் ஆண்டில் அந்த மன்றத்தில்தான் நிறைவேறியது. பிரிட்டிஷ் மாகாணங்களில் அதுவே முதல். அரசுப் பணியில் வகுப்புவாரி உரிமைக்கான ஆணையும் அதே ஆண்டில் பிறந்தது. வெளியே நின்ற காங்கிரஸால் அந்த ஆண்டுகளில் இப்படி ஓர் ஆணையையும் காட்ட முடியவில்லை.

ஆனால் குறுகிய பட்டியலில் வெல்லப் பழகிய கட்சிக்கு ஒரு நோய் பிடிக்கிறது: பட்டியலுக்கு வெளியே இருப்பவர்களைப் பார்ப்பதை அது நிறுத்திவிடுகிறது. வாக்காளர்கள் நிலமுடையோர் என்றால் வேட்பாளர் ஜமீன்தாராக இருப்பதே வசதி. ஜமீன்தார் வேட்பாளர் என்றால் கட்சிக்குக் கிளை எதற்கு, தொண்டர் எதற்கு? ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகள் அந்த மன்றத்துக்கு நியமனத்தின் மூலமே வந்தார்கள். அவர்களில் முதன்மையானவரான எம். சி. ராஜா 1923ஆம் ஆண்டிலேயே நீதிக்கட்சியை விட்டு விலகினார். 1937ஆம் ஆண்டில் வாக்குரிமை விரிந்து, வாக்காளர் எண்ணிக்கை அறுபது லட்சத்தைத் தாண்டியபோது, கட்சியின் நிலை வெளிச்சமாயிற்று. 215 இடங்களில் காங்கிரஸ் 159 இடங்களைப் பிடிக்க, முதலமைச்சராக இருந்த பொப்பிலி அரசர் தம் சொந்தப் பொப்பிலியிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார்.

அந்தத் தேர்தலில் கட்சிக்கொரு நிறத்தில் வாக்குப்பெட்டி வைக்கப்பட்டது. காங்கிரஸின் பெட்டி மஞ்சள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் என் பாட்டிக்கு அது கடைசிவரை நினைவிருந்தது. அவருடைய மாமனார் பட்டாதாரர். வெளுத்த வேட்டி கட்டி, கிஸ்தி ரசீதை மடியில் செருகிக்கொண்டு, கூட்டு வண்டியில் வாக்குச்சாவடிக்குப் போய்வந்தார். எந்தப் பெட்டியில் போட்டீர்கள் என்று வீட்டுப் பெண்கள் கேட்டதற்கு, “மஞ்சப் பெட்டியிலதான்” என்று சொல்லிவிட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தாராம். வண்டியை ஓட்டிச் சென்ற பண்ணையாளுக்கு வாக்கு இல்லை. அவர் சாவடிக்கு வெளியே புளிய மரத்தடியில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, மாமனார் திரும்பும்வரை உட்கார்ந்திருந்தார். 1937ஆம் ஆண்டுத் தேர்தலை நான் நினைக்கும்போதெல்லாம் 159 என்ற எண்ணுக்கு முன்னால் அந்தப் புளிய மரம்தான் கண்ணுக்கு வருகிறது.

காங்கிரஸும் களங்கமற்ற வழியில் வந்துவிடவில்லை. ஓசூருக்கு அருகே தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, 1920களில் சட்டமன்றத்துக்குள் போகவே கூடாது என்று உறுதியாக நின்றவர். 1937ஆம் ஆண்டில் அவர் உள்ளே சென்றது, பட்டதாரிகள் மட்டும் வாக்களித்த பல்கலைக்கழகத் தொகுதியின் வழியாக. ஆனால் காங்கிரஸ் வெளியே நின்ற ஆண்டுகளில் சும்மா நிற்கவில்லை. கதர், கள்ளுக்கடை மறியல், உப்புச் சத்தியாக்கிரகம் என்று வாக்கில்லாதவரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகக் கட்சியைக் கட்டியது. பின்பு உள்ளே வந்தபோது அந்தக் கூட்டத்தையும் பின்னால் அழைத்துக்கொண்டு வந்தது. அது வென்றதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன். புறக்கணிப்பு மட்டுமே அந்த வெற்றியைத் தந்திருக்காது.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தோற்ற நீதிக்கட்சி தன்னைத் தானே உரித்துக்கொண்டது நம் பழைய மாவட்டத் தலைநகரில்தான். 1944 ஆகஸ்டில் பெரியார் தலைமையில் சேலத்தில் கூடிய மாநாடு, ராவ் பகதூர் முதலான பட்டங்களைத் துறக்க வேண்டும், தேர்தலில் நிற்கக் கூடாது என்று அண்ணாவின் பெயரால் தீர்மானம் நிறைவேற்றி, கட்சியின் பெயரையும் திராவிடர் கழகம் என்று மாற்றியது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1956 மே மாதத்தில், அதே அண்ணா தாம் தொடங்கிய தி.மு.க.வின் திருச்சி மாநாட்டில் தேர்தலில் நிற்பதா வேண்டாமா என்று வந்திருந்தவர்களையே வாக்களிக்கச் சொன்னார். கறுப்பு, சிவப்பு என இரண்டு பெட்டிகள். நிற்கலாம் என்றவர்கள் ஏறத்தாழ 57 ஆயிரம், வேண்டாம் என்றவர்கள் நான்காயிரத்துச் சொச்சம். உள்ளே போவதைத் தலைவர் தனியே முடிவு செய்யாமல் தொண்டரிடம் கேட்டது அந்தக் கட்சிக்குப் பின்னாளில் எவ்வளவு வலுவைத் தந்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

எங்கள் கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. அப்படியானால் நாங்களும் கட்டுப்படுத்தப்பட்ட தேர்தலில்தான் வாக்களிக்கிறோமா?
– முன்னாள் வார்டு உறுப்பினர், பாலக்கோடு

நல்ல கேள்வி, அம்மா. இதைக் கேட்க நகரத்தாருக்குத் தோன்றியிருக்காது. 2019 டிசம்பரில் நம் இரு மாவட்டங்களிலும் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒவ்வொருவர் கையிலும் நான்கு சீட்டுகள் தரப்பட்டன. பச்சையிலும் மஞ்சளிலும், அதாவது ஒன்றியத்துக்கும் மாவட்ட ஊராட்சிக்கும் உரியவற்றில், கட்சிச் சின்னங்கள் இருந்தன. தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டில் பூட்டு-சாவி, ஆட்டோ ரிக்‌ஷா போன்ற பொதுச் சின்னங்களே இருந்தன. ஆனால் பூட்டு-சாவி எந்தக் கட்சிக்காரர், ஆட்டோ எந்தக் கட்சிக்காரர் என்று தெரியாத வீடு எங்கள் ஊரில் ஒன்றுகூட இருக்கவில்லை. கண் தெரியாத என் பெரியம்மாகூட “நம்ம ஆளு எதுல இருக்கான்” என்று என்னிடம் கேட்டுக்கொண்டுதான் சாவடிக்கு வந்தார்.

இது ஹாங்காங்கைப் போன்றதன்று. தலைவரை மாற்ற உங்களால் முடியும். யாரையும் நிற்க விடாமல் தடுக்கும் குழு இல்லை. ஊர்ச் சண்டையில் கட்சிச் சண்டையும் கலக்க வேண்டாம் என்ற நோக்கத்தோடு செய்யப்பட்ட ஏற்பாடு அது. அந்த நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் கட்சியின் பெயரை எடுத்துவிட்டால் அந்த இடம் வெறுமையாக இருப்பதில்லை, சாதியும் பங்காளி உறவும் பணமும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.

பாகிஸ்தானில் இது பெரிய அளவில் நடந்தது. 1985 பிப்ரவரியில் அந்நாட்டின் இராணுவ ஆட்சியாளரான தளபதி ஜியா கட்சி அடிப்படையில்லாத தேர்தலை நடத்தியபோது, எதிர்க்கட்சிகளின் கூட்டணி அதைப் புறக்கணித்தது. களத்தில் நின்ற தனிநபர்கள் நிலக்கிழார்களும் குலத் தலைவர்களும்தாம். வென்றவர்கள் மன்றத்துக்குள்ளேயே ஒரு முஸ்லிம் லீகை உருவாக்கிக்கொண்டார்கள். கட்சியில்லாத தேர்தல் ஆளுங்கட்சி ஒன்றைப் பெற்றெடுத்தது, அவ்வளவே.

அதே நாட்டில் 2024ஆம் ஆண்டில் வேறு விதமாக நடந்தது. தேர்தலுக்கு ஒரு மாதமே இருக்கையில், இம்ரான் கானின் கட்சி தன் உட்கட்சித் தேர்தலை முறையாக நடத்தவில்லை என்று கூறி, அதன் மட்டைச் சின்னத்தை எடுத்துக்கொண்டதை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தலைவர் சிறையில், வேட்பாளர்கள் எல்லோரும் சுயேச்சைகள், ஒருவருக்குக் கத்தரிக்காய், இன்னொருவருக்குக் கட்டில் என்று தொகுதிக்கொரு சின்னம். எழுத்தறியாதவர் மிகுந்த நாட்டில் சின்னத்தைப் பறிப்பது கட்சியின் முகத்தை அழிப்பதற்கு ஒப்பாகும் என்பது நம்மூர்த் தேர்தலைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வாக்காளர்கள் தங்கள் தொகுதியில் ‘நம்ம ஆளு’ எந்தச் சின்னத்தில் இருக்கிறார் என்று தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள்; தேசிய மன்றத்தில் தனிப்பெருங் கூட்டமாக வந்தது அந்தச் சுயேச்சைகளே. ஆட்சி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் ஒரு கட்சியின் உயிர் அதன் சின்னத்திலா, அதன் பெயரை வீட்டுக்கு வீடு சொல்லித் தரும் மனிதர்களிடத்திலா என்ற கேள்விக்கு அந்தத் தேர்தல் விடை சொல்லிவிட்டது.

பாலக்கோட்டு வாசகரின் கடிதத்தின் பின்குறிப்புக்கும் ஒரு சொல். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றதைப் பற்றித் தாங்கள் எழுதியிருக்கும் வருத்தம் எனக்கும் உண்டு. தேர்தலைக் குறுக்குவதைப் பற்றிப் பேசும்போது, தேர்தலைத் தள்ளிப்போடுவதையும் அதே கணக்கில்தான் எழுத வேண்டும்.

உள்ளே போய் உட்காருவதே அநியாயமான முறைக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாகாதா? புறக்கணிப்பதுதானே நேர்மை?
– ஆலைத் தொழிலாளர், ஓசூர்

பல நேரங்களில் ஆம், தோழரே. தென்னாப்பிரிக்காவை நினைத்துப் பாருங்கள்; அதில் நம் தமிழர்களின் வழித்தோன்றல்களும் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். 1983ஆம் ஆண்டு அரசியலமைப்பு நாடாளுமன்றத்தை மூன்று அவைகளாகப் பிரித்தது: வெள்ளையருக்கு 178 இடங்கள், கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45; நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு ஒன்றுமில்லை. எண்ணிக்கையே முடிவைச் சொல்கிறது; மற்ற இரு அவைகளும் ஒன்றுசேர்ந்தாலும் வெள்ளையரை மீற முடியாது. 1894ஆம் ஆண்டில் காந்தியடிகள் தொடங்கிய நேட்டால் இந்தியக் காங்கிரஸ், புதிதாகப் பிறந்த ஐக்கிய ஜனநாயக முன்னணியோடு சேர்ந்து, வீடு வீடாகச் சென்று வாக்களிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. 1984 ஆகஸ்டில் இந்திய வாக்காளர்களில் ஐந்தில் ஒருவர் மட்டுமே சாவடிக்குச் சென்றார். மூன்று தலைமுறைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய குடும்பங்கள், தங்களுக்கு மட்டும் நீட்டப்பட்ட சலுகையைக் கறுப்பின மக்களை முன்னிட்டு மறுத்துவிட்டன. நாம் பெருமையோடு நினைக்க வேண்டியது இது.

உள்ளே சென்றவர்களின் கதியையும் பார்க்க வேண்டும். கலப்பினத்தவர் அவையின் தலைவர் ஆலன் ஹென்ட்ரிக்ஸ் அமைச்சரவையிலும் இடம்பெற்றவர். 1987ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போர்ட் எலிசபெத் நகரில் வெள்ளையருக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட கடற்கரையில் இறங்கி நீந்தினார். அமைச்சர் ஒருவர் தம் நாட்டுக் கடலில் குளித்ததற்காக அதிபர் போத்தா கடிந்துகொண்டார். ஹென்ட்ரிக்ஸ் மன்னிப்புக் கேட்டார். அந்த அவைக்கு இருந்த அதிகாரம் எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு சட்டநூலும் சொல்லாது.

ஆனாலும் புறக்கணிப்பதே எப்போதும் நேர்மை என்று நான் எழுத மாட்டேன். அதே நாட்டில், வெள்ளையர் மட்டும் வாக்களித்த அவையில், ஹெலன் சுஸ்மன் 1961 முதல் 1974 வரை பதின்மூன்று ஆண்டுகள் தம் கட்சியின் ஒரே உறுப்பினராக உட்கார்ந்திருந்தார். சிறையில் எத்தனை பேர், கசையடி எத்தனை, வீடிழந்தோர் எத்தனை என்று கேள்வி நேரத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார். அமைச்சர்கள் அவையில் பதில் சொல்லியாக வேண்டும், அவையில் சொன்னதைப் பத்திரிகைகள் அச்சிடலாம். வேறு வழியில் வெளிவந்திருக்க முடியாத எண்கள் அப்படி வெளிவந்தன. ராபன் தீவுச் சிறைக்கே சென்று மண்டேலாவைப் பார்த்தார். அவரால் ஒரு சட்டத்தையும் தடுக்க முடியவில்லைதான். ஆனால் சிறையில் இருந்தவர்கள் அவரைத் துரோகி என்று எண்ணவில்லை.

தைவான் இன்னும் நீண்ட கதை. அங்கே 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம். புதுக் கட்சிகளுக்கு இடமில்லை. பெருநிலச் சீனாவில் 1947, 1948ஆம் ஆண்டுகளில் தேர்ந்தெடுக்கப்பட்டு, அரசோடு தைவானுக்கு வந்துவிட்ட உறுப்பினர்கள் மறுதேர்தல் இல்லாமல் 1991ஆம் ஆண்டுவரை மன்றத்தில் இருந்தார்கள். பலர் தள்ளாத வயதிலும் வந்து வாக்களித்தார்கள். ஆனால் ஊர் அளவிலும் மாவட்ட அளவிலும் தேர்தல் நடந்தது. தேசிய மன்றத்திலும் சில இடங்கள் பின்னாளில் திறக்கப்பட்டன. எதிர்ப்பாளர்கள் கட்சியின் பெயர் இல்லாமல், ‘கட்சிக்கு வெளியே’ என்ற பொருள்படும் டாங்வாய் என்ற அடையாளத்தோடு அந்தச் சிறு சந்துகளில் நுழைந்தார்கள். தேர்தல் காலத்தில் மட்டும் சற்றே தளரும் பேச்சுரிமையைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1979 டிசம்பரில் காவோசியுங் நகரில் மனித உரிமை நாளன்று கூட்டம் நடத்தியதற்காகத் தலைவர்கள் சிறை சென்றபோது, அவர்களுடைய மனைவியரும் வழக்கறிஞர்களும் அடுத்த தேர்தலில் நின்று வென்றார்கள். 1986 செப்டம்பர் 28ஆம் தேதி தைப்பே நகரின் ஒரு பெரிய விடுதியில் கூடி, சட்டம் தடுத்திருந்தும், ஜனநாயக முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். அரசு கைது செய்யவில்லை. 2000ஆம் ஆண்டில், அந்தச் சிறைவாசிகளுக்காக வாதாடிய வழக்கறிஞர்களில் ஒருவரான சென் ஷுய்-பியான் அதிபரானார்.

எனவே ஓசூர் நண்பருக்கு என் கருத்து இதுதான். உள்ளே போன கட்சி, பட்டியலுக்கு வெளியே நிற்பவர்களிடம் மாதம் ஒருமுறையாவது போய்ப் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். வெளியே நின்ற கட்சி, அந்த ஓய்வில் மக்களைத் திரட்டுகிறதா, அறிக்கை மட்டும் விடுகிறதா என்று பாருங்கள். தொழிற்சங்கத்தில் இருப்பவருக்கு இது புதிதல்ல. நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு உட்காருவதில் குற்றமில்லை, உட்கார்ந்துவிட்டு வாயிற்கூட்டத்துக்கு வராமல் இருப்பதே குற்றம்.

சிங்கப்பூரை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?
– பொறியாளர், ஊத்தங்கரை

வாக்கு எண்ணிக்கையில் அங்கே யாரும் ஐயம் எழுப்புவதில்லை, அனைவருக்கும் வாக்குண்டு. ஆனால் 1988ஆம் ஆண்டில் வந்த குழுத் தொகுதி முறையில், தனி ஒருவர் நிற்க முடியாது. ஒரு முழு அணியாக நிற்க வேண்டும். சிறிய கட்சிகளுக்கு அத்தனை பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. 2001ஆம் ஆண்டுத் தேர்தலில் 84 இடங்களில் 55 போட்டியின்றியே முடிந்தன. யாழ்ப்பாணத் தமிழரான ஜெ. பெ. ஜெயரத்தினம் 1981ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் வென்று, எதிர்க்கட்சியே இல்லாதிருந்த மன்றத்தில் தனியாளாக நுழைந்தார். 1986ஆம் ஆண்டில் ஒரு வழக்கின் தண்டனையால் பதவியை இழந்தார். அவருடைய பாட்டாளிக் கட்சி ஒரு குழுத் தொகுதியை முதன்முதலாக வென்றது 2011ஆம் ஆண்டில். கதவு பூட்டப்படவில்லை, ஆனால் படி மிக உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்பேன்.

1963ஆம் ஆண்டில் திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டது, தேர்தலில் நிற்பதற்காகக் கொள்கையை விற்றது என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். தங்கள் கருத்து என்ன, ஐயா?
– இளைஞர், போச்சம்பள்ளி

உங்கள் நண்பர்கள் ஆண்டை மட்டும் பார்க்கிறார்கள், சூழலைப் பார்க்கவில்லை. சீனப் படையெடுப்புக்குப் பின் வந்த பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம், வேட்பாளர் ஒவ்வொருவரும் இந்திய ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. பிரிவினை பேசும் கட்சிக்கு அதன்பின் தேர்தல் களமே இல்லை. அண்ணா மாநிலங்களவையில் அந்த மசோதாவை எதிர்த்துப் பேசினார்; அது நிறைவேறிய பிறகு, கோரிக்கையைக் கைவிடுவதாகவும் அதற்கான காரணங்கள் அப்படியே இருப்பதாகவும் அறிவித்தார். மாநில உரிமை, மொழி உரிமை என்று அந்தக் காரணங்களையே முன்வைத்து 1967ஆம் ஆண்டில் ஆட்சியைப் பிடித்தார். ஒரு சொல்லைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சொல்லால் எதைக் கேட்டாரோ அதைக் கையில் எடுத்துக்கொண்டார். அதை விற்பனை என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

கடலுக்கு அப்பால் நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1977ஆம் ஆண்டுத் தேர்தலில் 18 இடங்களை வென்று இலங்கையின் முதன்மை எதிர்க்கட்சியாக இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் முன், 1983 ஆகஸ்டில் ஆறாவது திருத்தம் அதே போன்ற உறுதிமொழியை நீட்டியது. ஜூலைப் படுகொலைகளின் புகை அடங்கும் முன்பே நீட்டியது என்பதை மறக்கக் கூடாது. அவர்கள் உறுதிமொழி எடுக்க மறுத்து இருக்கைகளை இழந்தார்கள். அந்த நிலையில் வேறு எதைச் செய்திருக்க முடியும் என்று அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் தமிழர் வாக்களித்து அனுப்பிய ஒரு கட்சியை மன்றத்திலிருந்து வெளியேற்றிய அரசு, அதன் பிறகு எதிர்கொண்டது துப்பாக்கி ஏந்திய இளைஞர்களை. இரண்டு திருத்தங்களின் நோக்கம் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கே உறுதிமொழி எடுத்த கட்சிக்கு நான்கே ஆண்டுகளில் கோட்டைக்குப் போக வழி இருந்தது; அங்கே உறுதிமொழி எடுத்திருந்தாலும் அப்படி ஒரு வழி இருந்ததா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

மஞ்சள் பெட்டியைப் பற்றி முன்பொரு முறையும் எழுதியிருக்கிறீர்கள். நம் பகுதியில் நிலமில்லாத மக்கள் முதன்முதலாக வாக்களித்தது எப்போது?
– பள்ளி ஆசிரியை, அரூர்

1951 இறுதியில் தொடங்கி 1952 தொடக்கத்தில் முடிந்த முதல் பொதுத் தேர்தலில். இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோருக்கும், வரி ரசீதோ எழுத்தறிவோ கேட்காமல், வாக்குரிமை. நாடு முழுவதும் பட்டியலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 17 கோடி 30 லட்சம் பேர். அதிலும் ஒரு குறை இருந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்து, சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த பெண்கள் சுமார் 28 லட்சம் பேர், பெரும்பாலும் வட மாநிலங்களில், பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

எங்கள் ஊரில் பெயர் எழுத வந்தவரிடம் பெண்கள் பெயரைச் சொன்னார்கள். 1937ஆம் ஆண்டில் புளிய மரத்தடியில் மாடுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே வண்டிக்காரரும் அவர் மனைவியும் 1952ஆம் ஆண்டில் சாவடிக்கு நடந்தே போனார்கள் என்று பாட்டி சொல்வார். மாமனார் அப்போது இல்லை. பாட்டிக்கும் அதுதான் முதல் வாக்கு. வரிசையில் அந்த அம்மாள் முன்னால் நின்றார், பாட்டி அவருக்குப் பின்னால் நின்றார்.